நாலு பூவும் ஒரு முடிச்சும்

அத்தியாயம் 5

காலை பத்தரை மணிக்கு சோசி, “கத்திரிக்கோல் எங்க பாரோன்?” என்று கேட்டாள். துப்பறியும் நிபுணர் ஜிராயருக்குப் பதில் தெரியவில்லை. சொந்த மேசையில் கிடக்கும் கத்திரிக்கோலைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஆளிடம்தான் ஆர்மேனியாவின் யெரெவான் நகரத்து ஜனங்கள் தொலைந்துபோனதையெல்லாம் தேடித் தரச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் தலையெழுத்தை நினைத்து அவரே பெருமூச்சு விட்டார்.

“ஒவ்வொரு ஃபைலையும் இப்படிக் கட்டி வச்சா நான் எப்படித் திறக்கறது?” என்றாள் சோசி. “போன வருஷத்துக் கேஸெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. நம்ம கைக்கே கிடைக்காத அளவுக்குப் பத்திரமா இருக்கு.”

சோசி எட்டு வருடத்துக்கு முன்னால் அலெப்போவிலிருந்து வந்து சேர்ந்தவள். அந்தப் பக்கத்து ஆர்மேனியர்கள் மரியாதைக்கு எல்லா ஆண்களையும் ‘பாரோன்’ என்றுதான் அழைப்பார்கள். அவள் வாயில் அது மரியாதையைத் தவிர மீதி எல்லாமாகவும் கேட்கும். ஜிராயருக்கு அவளை விட்டால் வேறு உதவியாளர் கிடைக்கவும் மாட்டார். அவர் ஆபீஸ் என்பது அப்பா விட்டுப்போன செருப்புக் கடையின் பின்பாதி. வாசலில் ‘ரகசிய விசாரணை நிபுணர்’ என்று புதிதாகப் பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருந்தாலும், அதற்குக் கீழே ‘குதிகால் ஒட்டித் தரப்படும்’ என்ற பழைய எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் செருப்போடு வந்தார்கள். ஜிராயர் அவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை. உண்மையைச் சொன்னால், செருப்பு விஷயத்தில் அவர் இதுவரை தோற்றதே கிடையாது.

“அப்புறம், ஒரு வாரமா தினமும் ஷேவ் பண்றீங்க,” என்றாள் சோசி. “கன்னத்துல ஏதோ வாசனை வேற அடிக்குது. அது என்ன கேஸ்?”

தொழிலுக்குத் தோற்றம் முக்கியம் என்று ஜிராயர் விறைப்பாகச் சொன்னார். சுத்தப் பொய். போன சனிக்கிழமை சந்தையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அவர் சொன்ன எதற்கோ சிரித்திருந்தாள். என்ன சொன்னோம் என்று அவருக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்தால் இன்னொரு தடவை சொல்லலாம். நாற்பத்தொன்பது வயதில் இதற்கெல்லாம் ஷேவ் செய்துகொள்கிறோமே என்று கண்ணாடி முன்னால் வெட்கமாக இருந்தது, ஆனாலும் செய்தார். அவள் பெயரைக் கேட்கத்தான் மறந்துவிட்டார். துப்பறியும் நிபுணர் அல்லவா.

பதினோரு மணிக்கு நஸேலி வந்தாள். இருபத்தைந்து வயது, பல் டாக்டரிடம் வேலை, அழுது வீங்கிய கண்கள். விரலில் இருந்த நிச்சய மோதிரத்தை மற்றொரு கையால் பொத்திக்கொண்டே பேசினாள். யாரோ வந்து உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். விசாரித்ததில் உண்மையாகவே அப்படித்தான் நடக்க இருந்தது.

நேற்று ஏப்ரல் ஏழு, அம்மாக்களைக் கொண்டாடும் நாள். வருங்கால மாமியார் வார்செனிக்குக் கொடுப்பதற்காக, சந்தையில் கடை போட்டிருக்கும் மாரோவிடம் சொல்லி ஒரு வெள்ளி ப்ரூச் செய்ய வைத்திருந்தாள். ஒரு கொத்து மாதுளம்பூ, ஒவ்வொரு பூவின் நடுவிலும் பொட்டளவு சிவப்புக் கல், எல்லாம் கைவேலை. மொத்தம் ஐந்து பூ. ஒன்பது பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, வார்செனிக் பெட்டியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினாள். நாலு பூதான் இருந்தது.

“எல்லாரும் என்னையே பார்த்தாங்க,” என்றாள் நஸேலி. “அத்தை பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினாங்க. ‘இரட்டைப்படையில பூவைச் சவப்பெட்டி மேலதான் வைப்பாங்க. எனக்கு இன்னும் அந்த நேரம் வரலம்மா’ன்னாங்க. பிப்ரவரியிலதான் அவங்களுக்கு இதய ஆபரேஷன் நடந்துச்சு.”

இந்த ஊரில் சின்னக் குழந்தைகூட டீச்சருக்குப் பூ வாங்கினால் ஒற்றைப்படையா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கும். நாலு பூவைத் தெரியாமல் கொடுத்தேன் என்று சொன்னால் நம்ப ஆள் கிடையாது.

மாரோவுக்குப் போன் செய்தால், அவள் ஐந்து பூ வைத்துத்தான் கொடுத்தேன் என்று அடித்துச் சொல்லிவிட்டு, பொய்க்காரியா நான் என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாளாம். மாப்பிள்ளை விகேன் அம்மாவிடம் விடிய விடியக் கெஞ்சியும் பலன் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு வார்செனிக்கின் அண்ணன் பெண்வீட்டுக்கு வந்து மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

“எனக்கு விகேன் வேணும்,” என்றாள் நஸேலி. “அத்தையும் வேணும். எனக்கு அம்மா இல்ல. ஆஸ்பத்திரியில அவங்க பக்கத்துல பதினோரு நாள் உட்கார்ந்திருந்தது நான்தான். அவங்க சாகணும்னு நான் நெனப்பேனா?”

ஜிராயர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அதன் பிடி உடைந்துபோய்ச் செருப்புப் பசையால் ஒட்டியிருந்தது. ப்ரூச்சைப் புரட்டிப் பார்த்தவர், காம்பின் பின்பக்கம் மெல்லிய வெட்டுத் தடம் ஒன்றைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கேதான் ஐந்தாவது பூ இருந்திருக்கிறது, யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருக்கிறார்கள் என்று அறிவித்தார். பெட்டிக்குள் கட்டுநூலும் கிடந்தது. நூல் அறுந்திருந்தது, முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. வார்செனிக்கால் அதை அவிழ்க்கவே முடியவில்லையாம், கடைசியில் கத்திரிக்கோலால்தான் வெட்டினாளாம்.

“மாரோ எப்பவும் சுருக்குப் போட்டுத்தான் கட்டுவா. நுனியை இழுத்தா கையோட வந்துடும்,” என்றார் ஜிராயர். “இது வேற ஆள் கை. பெட்டியைத் திறந்து, பூவை அறுத்து, மறுபடி கட்டியிருக்கான். முரட்டுக் கை, கயிறோட பழகின கை. அநேகமா கப்பல்ல வேலை பார்த்தவன்.”

“நம்ம நாட்டுல கடலே இல்ல பாரோன்.”

“அதான் வேலையில்லாம ஊருக்கு வந்திருக்கான்.”

சோசி அந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த ஃபைல்களைப் பார்த்தாள். பிறகு ஜிராயரின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் முடிச்சைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தனக்கும் ஒரு ஊகம் இருக்கிறது, ஆனால் கேஸ் பாரோனுடையது, அவரே கண்டுபிடிப்பதுதான் முறை என்றாள். அந்தக் குரலில் இருந்த இனிப்பு ஜிராயருக்குப் பிடிக்கவில்லை.

முதலில் வார்செனிக்கைப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாதே, வழியில் ஏழு துலிப் வாங்கினார்கள். மினிபஸ் கதவைச் சாத்தியபோது ஒன்றின் கழுத்து முறிந்துவிட்டது. மீதி ஆறு. ஆறு பூவோடு அந்த வாசலில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது ஜிராயர் போன்ற நிபுணருக்கே விளங்கியதால், நல்ல பூ ஒன்றை உருவி எறியப் போனார். சோசி அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் செருகிக்கொண்டாள்.

“இன்னும் மூணு தடவை கதவைச் சாத்தினாங்கன்னா நாம வெறுங்கைதான்,” என்றாள்.

வார்செனிக் வாசலிலேயே துலிப்புகளை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினாள். அறுபது வயது, நிமிர்ந்த உடம்பு, ரவிக்கைக் கழுத்துக்கு மேலே ஆபரேஷன் தழும்பின் நுனி தெரிந்தது. வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் இறுகிப்போனாலும், காபியும் காத்தா ரொட்டியும் வைக்காமல் பேச்சைத் தொடங்கவில்லை. எதிரி வீட்டு ஆளாக இருந்தாலும் பசியோடு அனுப்ப அவளால் முடியாது. ஜிராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் குடும்பத்தில் யாராவது கப்பலில் வேலை பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார். வார்செனிக் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அவசரமாக இன்னொரு துண்டு காத்தாவை வாயில் போட்டுக்கொண்டார்.

கப்பல்காரனுக்குப் பிறகு அவர் சந்தேகம், மருமகள் வருவது பிடிக்காத யாரோ ஒரு சொந்தக்காரர் மேல் போனது. அன்று மேசையைச் சுற்றியிருந்த ஒன்பது பேரைப் பற்றியும் விசாரித்தார். வார்செனிக் ஒவ்வொருவராகச் சொல்லி, எல்லாருக்கும் நஸேலியைப் பிடிக்கும் என்று முடித்தாள். அதைச் சொல்லும்போது அவள் குரலே கொஞ்சம் உடைந்தது. ஜிராயர் கவனிக்கவில்லை. சோசி காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் வெறும் நாலு பூவுக்காக ஏன் இவ்வளவு கோபம் என்று மெதுவாகக் கேட்டாள்.

“கோபம் இல்லம்மா,” என்றாள் வார்செனிக். “ஆபரேஷன் மேசையில என்னைப் படுக்க வச்சப்ப, தலைக்கு மேல விளக்கு எரிஞ்சுது. எண்ணினேன், நாலு. அவ்வளவுதான், இனிமே நான் எழுந்திருக்க மாட்டேன்னு நெனச்சுட்டேன். இதை என் மகன்கிட்டகூடச் சொல்லல. நஸேலிகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சிருந்தா, அதனால சொன்னேன். இப்ப அவ கையாலயே நாலு பூ வருது. நான் என்னன்னு எடுத்துக்கறது?”

ஜிராயர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார். இதுவரைக்கும் ஒரு ப்ரூச்சைத்தான் துப்பறிந்துகொண்டிருந்தோம், அதற்குப் பின்னால் இருந்த பெண்ணின் பயத்தைப் பார்க்கவே இல்லை என்று அவருக்கு உறைத்தது. மணி ஒன்றரை. இன்னும் மூன்றரை மணி நேரம்தான் இருந்தது.

வேலைநாள் என்பதால் சந்தையில் பாதி மேசைகள் காலி. மாரோ தன் மேசைமேல் கறுப்புத் துணியை விரித்து வெள்ளிக் காதணிகளையும் வளையல்களையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன, குட்டையான, கோபக்காரப் பெண். ஜிராயரைப் பார்த்ததும், கடையைப் பார்த்துக்கொள்ள மறுபடி வந்துவிட்டாயா என்று கேட்டாள். ஜிராயர் அதைக் காதில் வாங்கவில்லை. ப்ரூச்சை மேசைமேல் வைத்து, வெட்டுத் தடத்தைக் காட்டி, ஐந்தாவது பூ எங்கே போனது என்று நீதிமன்றக் குரலில் கேட்டார்.

“எந்த அஞ்சாவது பூ? அது என் முத்திரை. நான் செய்யுற எல்லாத்துலயும் பின்பக்கம் அப்படி ஒரு கீறல் போடுவேன்.” மாரோ ப்ரூச்சை வெளிச்சத்தில் பிடித்தாள். “கடவுளே. இது நஸேலியோடது இல்ல. யெஸ்தெரோடது.”

விஷயம் இதுதான். யெஸ்தெர் என்று ஒரு பெண். புருஷன் சாஹாக் இறந்து வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருடம். திதியன்று குத்திக்கொள்ள அதே மாதுளம்பூக் கொத்தை நாலு பூவாகக் கேட்டிருந்தாள். மாரோ இரண்டையும் ஒரே வாரத்தில் செய்து, ஒரே மாதிரிப் பெட்டியில் வைத்து, மூடியில் பெயர் எழுதி வைத்திருந்தாள். உயிரோடு இருப்பவளுக்குப் போக வேண்டியது செத்தவருக்கும், செத்தவருக்குப் போக வேண்டியது உயிரோடு இருப்பவளுக்கும் போய்விட்டது. எந்த ரம்பமும் இல்லை, எந்தக் கப்பலும் இல்லை.

ஜிராயருக்குக் கப்பல்காரனை விட மனசில்லை. பெட்டிகள் தானாக மூடி மாறாது, எவனோ இரண்டையும் திறந்திருக்கிறான், அவசரத்தில் மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டுத் தன் முரட்டு முடிச்சால் கட்டியிருக்கிறான் என்றார். அந்தப் பெட்டிகள் எப்போதாவது மாரோவின் கண்ணை விட்டு அகன்றனவா என்று கேட்டார்.

போன சனிக்கிழமை காபி குடிக்கப் பத்து நிமிடம் போயிருந்தேன் என்றாள் மாரோ. தெரிந்த ஆளைத்தான் உட்கார வைத்துவிட்டுப் போனாளாம்.

“யார் அந்த ஆள்?” ஜிராயர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “பேரைச் சொல்லு. பயப்படாதே, இனி அவனை நான் பார்த்துக்கறேன்.”

மாரோ சோசியைப் பார்த்தாள். சோசி கைப்பையிலிருந்து அந்த முடிச்சை எடுத்து ஜிராயரின் நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

“உங்க அப்பா மெழுகு நூல்ல செருப்புக்குப் போட்ட முடிச்சு பாரோன். ஊருக்குள்ள இதைப் போடுற ஆள் இப்ப ஒருத்தர்தான். நான் தினமும் காலையில கத்திரிக்கோல் தேடறது இந்த முடிச்சுக்குத்தான்.”

ஜிராயர் பேனாவை மூடினார். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மாரோ அந்தப் பக்கம் போனதும், பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ என்று ஒரு குறுகுறுப்பு. துப்பறிகிறவனுக்கு ஆர்வம் இருக்க வேண்டும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு இரண்டையும் திறந்து பார்த்தார். அழகாக இருக்கிறதே என்று வியந்துகொண்டிருந்தபோது, சாம்பல் கோட்டுக்காரி வந்து நின்றாள். அவசரமாக மூடிக் கட்டினார். சுருக்குப் போட வரவில்லை, கைக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டார். இது என் பெட்டி என்று அவளே காட்டி எடுத்துக்கொண்டாள். மூடிமேல் இருந்த பெயரை அவர் படிக்கவில்லை, ஏனென்றால் மூடியை அவர் பார்க்கவே இல்லை. அவள் எதற்குச் சிரித்தாள் என்பதும் இப்போது தெரிந்தது. பத்திரமாகத் திறந்து பாருங்கள், நானே கட்டியது என்று பெருமையாகச் சொல்லியிருந்தார்.

“காலையிலேயே தெரியுமா உனக்கு?” என்று சோசியைக் கேட்டார்.

“முடிச்சு தெரியும். மிச்சம் தெரியாது. அதோட, நீங்க அந்தக் கப்பல்காரனை இவ்வளவு ஆசையா வளர்க்கறப்ப எனக்கு மனசு வரல.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் ஒரு அம்மாவின் நிம்மதியையும் பத்து நிமிடத்தில் கெடுத்தவன், காலையிலிருந்து பூதக்கண்ணாடியோடு குற்றவாளியைத் தேடி அலைந்திருக்கிறான். மாரோ, இப்போதே ஐந்தாவது பூ ஒன்றை ஒட்டித் தருகிறேன் என்றாள். சோசி வேண்டாம் என்றாள். நேற்று நாலாக இருந்தது இன்று ஐந்தானால், பயந்துபோய் ஒட்டிக் கொண்டுவந்தார்கள் என்றுதான் வார்செனிக் நினைப்பாள். நாலு பூ வேறொருத்திக்காகச் செய்தது என்று அந்த வேறொருத்தியே வந்து சொன்னால்தான் நிற்கும். மாரோ விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

யெஸ்தெர் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். மூன்று மணிக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். லிஃப்ட் ஓடவில்லை, ஜிராயர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தவள் பழுப்பு ஸ்வெட்டரில் ஐந்து மாதுளம்பூவைக் குத்தியிருந்தாள்.

“அட, முடிச்சுக்காரர்,” என்றாள் யெஸ்தெர். “ரொட்டி வெட்டுற கத்தியாலதான் அறுத்தேன் தெரியுமா?”

சோசி ஒரு தரம் யெஸ்தெரையும், ஒரு தரம் ஜிராயரின் வழவழப்பான கன்னத்தையும் பார்த்துவிட்டு, “ஓ” என்று மட்டும் சொன்னாள்.

ஜிராயர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் பங்கு எதையும் மறைக்கவில்லை, கப்பல்காரனைக்கூட. யெஸ்தெர் முதலில் சிரித்தாள். நஸேலியின் மோதிரத்தைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவள் கை தானாகப் போய் ப்ரூச்சைத் தொட்டது.

“எண்ணிப் பார்த்தப்பவே தெரிஞ்சுது, தப்பா வந்திருக்குன்னு. மாரோவுக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும், பண்ணல,” என்றாள். “ஒரு வருஷமா இந்த வீட்டுக்கு யார் பூ கொண்டுவந்தாலும் ரெண்டு, நாலு, ஆறுதான். எல்லாம் சாஹாக்குக்கு. இது ஒண்ணுதான் ஒத்தையா வந்துச்சு. யாரோ எனக்குன்னு கொடுத்த மாதிரி இருந்துச்சு. தெரிஞ்சேதான் ஒரு வாரமா போட்டுட்டிருக்கேன். எனக்கு வெட்கமாவும் இருக்கு.”

அதைத் திருப்பிக் கேட்க வந்தவன் தான்தான் என்பது ஜிராயருக்குப் பிடிக்கவே இல்லை. யெஸ்தெர் ஊசியைக் கழற்றி ப்ரூச்சை அதன் பெட்டியில் வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை மணி வரைக்கும் கெடு என்று கேட்டாள். ஐந்து என்றார் ஜிராயர். அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள், அதே சாம்பல் நிறக் கோட்டு.

வார்செனிக் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலரை. அண்ணன்காரர் கோட்டும் தொப்பியும் போட்டுத் தயாராக நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தார். மூலையில் விகேன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஜிராயர் நடுவீட்டில் போய் நின்று, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். பதினாறு வருடத் தொழிலில் இந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறார்.

“யாரு?” என்றார் அண்ணன்.

“நான்தாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சோசிகூட. அவர் நடந்ததைச் சொன்னார், கையாலேயே முடிச்சுப் போட்டும் காட்டினார். அவர் முடித்ததும் யெஸ்தெர் முன்னால் வந்து இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் திறந்து வைத்தாள்.

“நாலு பூ என் வீட்டுக்காரருக்காக நான் சொல்லிச் செஞ்சது,” என்றாள். “என் வீட்டுத் துக்கம் வழிதவறி உங்க மேசைக்கு வந்துடுச்சு. உங்களுக்கு வர வேண்டியது என்கிட்ட இருந்துச்சு. அந்தப் பொண்ணு கேட்டது அஞ்சுதான்.”

வார்செனிக் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஐந்து பூவையும் விரலால் தொட்டு எண்ணினாள். திரும்ப ஒருமுறை எண்ணினாள். அப்புறம் யெஸ்தெரின் ஸ்வெட்டரைப் பார்த்தாள், அதில் ஊசி குத்தியிருந்த இடம் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தது.

“நீ இதைப் போட்டிருந்தியாம்மா?”

“ஆமாம்.”

“கொடுக்கக் கஷ்டமா இருக்கா?”

“இருக்கு,” என்றாள் யெஸ்தெர்.

வார்செனிக் எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு வார்செனிக் ஐந்து பூவைத் தன் மார்பில், தழும்புக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். வீட்டுக்குள் என்ன தொப்பி, கழற்று என்றாள். விகேனைப் பார்த்தாள்.

“நஸேலிக்குப் போன் பண்ணு. கிளம்பி வரச் சொல்லு. வந்தவங்களுக்கு இன்னைக்கு அவ காபி போடட்டும், இது அவ அடுப்பங்கரைதான்.”

விகேன் போனைத் தேடித் தடுமாறியது பார்க்கப் பாவமாக இருந்தது. அது அவன் கையிலேயே இருந்தது. ஜிராயருக்கு அவனை உடனே பிடித்துப்போயிற்று.

நஸேலி வந்து, அழுது, காபி போட்டு, அதில் ஒரு தடவை பொங்கவும் விட்டு, எல்லாரும் குடித்து முடிக்க ஆறு மணி ஆனது. வெளியே மாடிப்படியில் யெஸ்தெர் நாலு பூப் பெட்டியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜிராயர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தார். காலையிலிருந்து தேவையில்லாமல் அத்தனை பேசிய வாய் இப்போது ஒட்டிக்கொண்டது. சோசி கைப்பையிலிருந்து துலிப்பை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டு, தனக்கு அவசர வேலை இருக்கிறது என்று படியில் இறங்க ஆரம்பித்தாள். பூ கொஞ்சம் வாடியிருந்தது, ஓர் இதழில் பேனா மை பட்டிருந்தது.

ஜிராயர் அதை நீட்டினார். “ஒண்ணுதான் இருக்கு,” என்றார்.

யெஸ்தெர் பெட்டிக்குள் இருந்த பூக்களை மெதுவாக எண்ணினாள். நாலு. அது சனிக்கிழமை சாஹாக்கிடம் போக வேண்டியது. துலிப்பை அதோடு சேர்த்து எண்ணவில்லை, தனியாக வாங்கி ஸ்வெட்டரில் ஊசி குத்தித் தொங்கிப்போயிருந்த இடத்தில் செருகிக்கொண்டாள்.

“ஒண்ணும் ஒத்தைதானே,” என்றாள்.

பெட்டி மூடி சரியாக நிற்கவில்லை. ஜிராயர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். யெஸ்தெர் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“கட்டாதீங்க. நான் கையாலயே பிடிச்சுக்கறேன்.”

ஜிராயர் நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் இறங்கினார்கள். கீழே சோசியின் அவசர வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது, வாசற்படியில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.